அஜ்மான் ரியாலில் அரிசி வாங்க முடிந்ததா?

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஓர் எமிரேட்டான அஜ்மான் தன் பெயரில் வெள்ளி ரியால் காசுகளை வெளியிட்டது. நாணயப் பட்டியல் நூல்களில் அவை இன்றும் இடம்பெறுகின்றன. சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஆனால் அன்று அஜ்மான் கடைகளில் கைமாறியது கத்தார்–துபாய் ரியால்தான்.

விக்கிப்பீடியாவில் ஒருவர், ‘திர்ஹமுக்கு முன் அஜ்மானில் புழங்கியது அஜ்மான் ரியால்’ என்று எழுதி, பட்டியல் நூலை மேற்கோள் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள் இருக்கிறது, வாக்கியம் தவறு. காசு அடிக்கப்பட்டது என்பதற்குத்தான் அந்த நூல் சாட்சி. அதைக் கொடுத்து யாரும் அரிசி வாங்கினார்கள் என்பதற்கு அல்ல. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் மதிப்பாய்வாளர் வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை ‘நல்ல கட்டுரை’ ஆக வேண்டுமானால், அதை எழுதுவதில் பெரிய பங்கு இல்லாத ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். தெளிவான நடை, சரிபார்க்கக்கூடிய சான்று, போதிய விரிவு, நடுநிலை, திருத்தச் சண்டை இல்லாமை, படங்கள் என்று ஆறு அளவுகோல்கள். சம்பளம் கிடையாது. கேள்வியும் பதிலும் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகும்.

பணத்தைப் பற்றிய கட்டுரையில் சான்றுதான் பெரிய தலைவலி. அமீரகத்தின் இன்றைய நாணயமான திர்ஹமின் கதையையே பாருங்கள். 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. தங்கக் கடத்தலில் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. தோற்றம் நம் நோட்டு மாதிரிதான், நிறம் வேறு. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் எமிரேட்டுகள் இந்த வளைகுடா ரூபாயைக் கைவிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. அஜ்மான் உள்ளிட்ட மற்றவை கொஞ்ச காலம் சவுதி ரியாலில் சமாளித்துவிட்டு கத்தார்–துபாய் ரியாலுக்கு மாறின. திர்ஹம் வந்தது 1973 மே 19-ல். ‘வளைகுடா ரூபாய்க்குப் பதிலாக திர்ஹம் வந்தது’ என்று ஒரே வரியில் முடித்தால் நடுவில் ஏழு ஆண்டுகள் காணாமல் போகும். திர்ஹமை வெளியிட்டது மத்திய வங்கி என்றால் அதுவும் பிழை. அப்போது இருந்தது நாணய வாரியம். மத்திய வங்கி 1980-ல்தான் வந்தது.

ஊருக்குப் பணம் அனுப்பும் அஜ்மான் தமிழர்கள், ‘திர்ஹம் ஏறிடுச்சு’ என்பார்கள். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற விகிதம் 1997 முதல் மாறவில்லை. எக்ஸ்சேஞ்ச் பலகையில் எண் கூடினால், பெரும்பாலும் டாலருக்கு எதிரே நம் ரூபாய் இறங்கியிருக்கிறது என்று பொருள். பேச்சில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. கட்டுரையில் அந்த வாக்கியத்தை நான் விடமாட்டேன்.

படங்களையும் கவனிக்க வேண்டும். 50 திர்ஹம் பாலிமர் நோட்டு 2021 டிசம்பரில் வந்துவிட்டது; கட்டுரையில் பழைய காகித நோட்டு மட்டும் இருந்தால் யாரோ தூங்கியிருக்கிறார்கள்.

குறைகளைச் சரிசெய்ய வழக்கமாக ஒரு வாரம் போலக் கொடுப்பார்கள். தேறினாலும் பட்டம் நிரந்தரமில்லை. 2025-ல் மத்திய வங்கி திர்ஹமுக்குப் புதிய குறியீட்டை அறிவித்தது. இப்படி வருவதையெல்லாம் சேர்க்காமல் கட்டுரை பழசாகிப் போனால், யார் வேண்டுமானாலும் மறுமதிப்பீடு கேட்கலாம்.