பிரெட்டன் வுட்ஸில் ஒரு கோவைக்காரர்

பத்தாம் வகுப்பில் உலக வங்கி, பன்னாட்டு நிதியம் பற்றிச் சொல்லும்போது, 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடின என்பதோடு நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்காவும் பிரிட்டனும் செய்து வைத்தவை என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்குகிறது. அந்த 44இல் இந்தியாவும் ஒன்று, விடுதலைக்கு மூன்றாண்டு முன்பே! குழுவில் இருந்தவர்களில் ஒருவர், 1892இல் கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

தலைவர் ஜெரமி ரைஸ்மன் ஆங்கிலேயர். அரசின் நிதி உறுப்பினர். ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், பம்பாய்த் தொழில்துறையின் ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோரும் சென்றனர். ஆனாலும் கைகட்டி நின்ற குழு அல்ல அது.

அவர்கள் எழுப்பிய ஒரு சிக்கல், கடன். போருக்காகப் பிரிட்டன் இந்தியாவில் பொருள்களை வாங்கியது. விலையை லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டாக வரவு வைத்தது. இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு அச்சானது. பொருள் வெளியே போக, நோட்டு மட்டும் பெருகியதால் விலைவாசி ஏறியது. என் மாணவர்களுக்கு இதை எங்கள் பக்கத்து வழக்கில் சொல்வேன்: சாலைப்புதூர் விற்பனைக்கூடத்தில் கொப்பரையை ஏலம் எடுத்தவர், "பணம் என் கணக்கில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது" என்றால் எப்படி இருக்கும்? உடனே பிடித்துக்கொள்கிறார்கள். போர் முடிந்தபோது அந்த நிலுவை ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. அதில் ஒரு பகுதியையாவது நிதியத்தின் வழியாக டாலராக மாற்றித் தரக் கேட்டது இந்தியா. இது இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரம் என்று பிரிட்டன் தட்டிக் கழித்தது.

மற்றொரு கோரிக்கை, பின்தங்கிய நாடுகளின் வள மேம்பாட்டை நிதியத்தின் நோக்கங்களில் சேர்ப்பது. கேட்டபடி கிடைக்கவில்லை. ஆனால் உடன்படிக்கையின் முதல் பிரிவில், எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களையும் மேம்படுத்துதல் என்ற பொருள்பட ஒரு தொடர் இடம்பெற்றது.

வளர்ச்சி என்ற சிந்தனை போருக்குப் பின் வல்லரசுகள் ஏழை நாடுகளுக்கு அளித்தது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கனடா ஆய்வாளர் எரிக் ஹெலைனர் 2014இல் வெளியிட்ட நூலில் இதை மறுக்கிறார். லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகியவற்றின் குரல் மாநாட்டிலேயே ஒலித்ததை ஆவணங்களைக் கொண்டு காட்டுகிறார். இந்த ஆய்வு நம் பாடநூல்களிலும் ஒரு பத்தியாவது இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

வகுப்பில் நிதியத்தின் பங்குத் தொகைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம்: அமெரிக்கா 275 கோடி டாலர், பிரிட்டன் 130, சோவியத் 120, சீனா 55, பிரான்ஸ் 45, இந்தியா 40. முதல் ஐந்து நாடுகளுக்கு நிர்வாக இயக்குநரை நியமிக்கும் உரிமை அப்போது இருந்தது. சோவியத் சேரவில்லை, இனி இந்தியாவின் இடம் எது என்று கேளுங்கள். "அடிமை நாடு எப்படி சார் கடன் கொடுத்தது?" என்ற கேள்வி தானாக வரும். அதற்கு ஒரு பாடவேளை போதாது.

நிலுவை பற்றிய பேச்சு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1948இல் அதற்காக லண்டன் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அப்போது நிதியமைச்சராக இருந்த அதே சண்முகம் செட்டியார்.