பிரிக்கப்படாத பெட்டி: புழங்குவதா, போற்றுவதா?

மனிதர் அன்றாடம் கையாளும் பொருள்களை நாட்டுப்புறவியலார் ‘புழங்குபொருள்’ எனச் சுட்டுவர். அம்மி, உரல், அகப்பை, செப்புக்குடம் ஆகியன பற்றிக் கட்டுரைகள் பல வந்துள்ளன. ஆயின், வாங்கப்பட்டும் ஒருநாளேனும் புழங்கப்படாமல், வந்த பெட்டியிலேயே முப்பது நாற்பது ஆண்டுகள் உறங்கும் அடுக்களைக் கருவிகளை எவ்வகையில் சேர்ப்பது? பரணிலோ பீரோவின் மேலோ இத்தகைய பெட்டி ஒன்றேனும் இல்லாத வீடு நம் பகுதியில் குறைவு. மகளின் சீருக்கென முன்கூட்டி வாங்கிய மிக்ஸி, மணநாளில் இரண்டாகவும் மூன்றாகவும் வந்து சேர்ந்த குக்கர், சபர் சென்றவர் கொணர்ந்த மின்சார ரைஸ் குக்கர் என அவை பலவகைப்படும். அவற்றைப் பிரித்துச் சமைப்பதா, பிரிக்காமல் காப்பதா என்னும் வினா பெரும்பாலும் வீட்டைப் பங்கிடும்போதோ இடித்துக் கட்டும்போதோ எழுகிறது. அப்போது அமர்ந்து சிந்திக்க எவர்க்கும் நேரம் இருப்பதில்லை. ஆதலின் சற்று முன்னரே ஆராய்வது நலம்.

இக்கருவிகள் நம் அடுக்களைக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானே அணையும் மின்சாரச் சோற்றுக்கலனை 1955ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டு மிக்ஸியின் கதை இன்னும் சுவையானது. சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய சத்திய பிரகாஷ் மாத்தூர் என்பார், தம் மனைவியாரிடம் இருந்த ஜெர்மானியக் கருவி நம் மசாலாவின் கடுமைக்கு ஈடுகொடாமல் பழுதுற்றதைக் கண்டு, அதனினும் வலிய மோட்டாரைக் கொண்டு புதிதாக ஒன்றை 1960களில் உருவாக்கினார். அதுவே பின்னர் ‘சுமீத்’ என்னும் பெயரால் அறியப்பட்டது. அம்மியில் மஞ்சளும் மல்லியும் அரைத்த கைகளுக்கு இதனால் கிட்டிய ஓய்வினை நம் இலக்கிய வரலாறுகள் எங்கும் பதிவு செய்யவில்லை என்பது வேறு செய்தி.

‘பழையது, ஆகவே விலைமிக்கது’ என்னும் எண்ணம் இப்போது பரவி வருகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டுக்குக் குறையாத பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. நாற்பதாண்டு மிக்ஸி அவ்வரிசையில் சேராது. திரட்டாளர் சிலர் பிரிக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை தருவது உண்மையே. ஒருமுறை பிரித்தபின் ‘பிரிக்கப்படாதது’ என்னும் நிலை மீளாது என்பதும் உண்மை. எனினும் ஆயிரக்கணக்கில் விற்ற ஒரு பொருளின் இன்னொரு பெட்டிக்கு அத்துணை மதிப்பு அமைவது அரிது. விலையை மட்டும் எண்ணிக் காப்பவர், காக்கும் இடத்தின் விலையையும் எண்ணுதல் வேண்டும்.

‘பிரிக்காமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும்’ என்பது இதனினும் பெரிய மயக்கம். பொருள் உறங்கலாம், அதன் உறுப்புகள் உறங்குவதில்லை. ரப்பர் காற்றோடு கலந்து இறுகி வெடிக்கும். மோட்டாரின் தாங்கிகளில் இட்ட கிரீஸ் மெழுகாகும். கடற்கரை ஊர்களில் உப்பு ஈரம் செப்புக் கம்பிகளின் காப்புறையுள் புகும். மின்வயரின் மேலுறையை நெகிழச் செய்யக் கலந்த வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, அதைத் தாங்கும் தெர்மகோலைக் கரைக்கும். பல்லாண்டு கழித்துப் பெட்டியைத் திறப்போர், வயர் தெர்மகோலுக்குள் புதைந்து ஒட்டிக் கிடப்பதைக் காண்பது இதனாலேயே.

பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தில் இயங்குவதால், அதனுள் நீர் 120 பாகை அளவில் கொதிக்கிறது. அலுமினிய உடலுக்கு மூப்பு பெரிதாக இல்லை. காஸ்கட்டும் சேஃப்டி வால்வுமே உயிர்நிலை. இவ்விரண்டும் பெட்டிக்குள் இருந்தவை என்பதற்காகப் புதியவை ஆகிவிடா. அதே அளவில் இன்று செய்யப்பட்டவற்றை மாற்றிய பின்னரே அடுப்பில் ஏற்றலாம். அவை கிடைக்காவிடில் மூடியைப் பூட்டாமல் வெறும் பாத்திரமாகப் புழங்குவதே அறிவுடைமை.

மிக்ஸிக்கு வேறு முறை. முதலில் மின்சாரமின்றி அச்சைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் தாங்கிகளைத் துடைத்து எண்ணெயிடாமல் ஓட்டலாகாது. பின்னர் மின்பணியாளர் ஒருவரிடம் தந்து காப்புத்தடையை அளந்தறிய வேண்டும். பழைய ரொட்டி வாட்டிகள் சிலவற்றில் வெப்பக் காப்பாகக் கல்நார் வைக்கப்பட்டிருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அத்தகையது எனத் தெரிந்தால் பிரிக்க வேண்டுவதில்லை, ஐயமிருந்தாலும் அவ்வாறே.

வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் மின்னழுத்தம் முதற்கண் நோக்கத்தக்கது. எம் சாச்சியின் வீட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். சாச்சா 1980களில் ஜித்தாவிலிருந்து கொணர்ந்த ரைஸ் குக்கர், மகளின் சீருக்கென வைக்கப்பட்டு, சீரில் வேறொன்று இடம்பெற்றமையால் பரணிலேயே தங்கிவிட்டது. சாச்சா மறைந்த பின் ஒரு மகன் விற்போம் என்றார். மற்றவர் தொடவே கூடாது என்றார். மகளோ, “வாப்பா சமைக்கத்தானே வாங்கி வந்தாங்க உம்மா, ஒரு தடவையாவது சோறாக்கிப் பார்ப்போம்” என்றார். எம்மிடம் கேட்டபோது, பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்ததை முதலில் படித்தோம். அக்காலத்தில் சவூதி இல்லங்களில் பரவலாக இருந்த 127 வோல்ட்டுக்கு உரியது அக்கருவி. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் வெப்பம் மூன்று மடங்கிற்கு மேல் ஏறி, சூடேற்றும் சுருள் எரிந்தே போகும். ஆசையோடு பிரித்து அன்றே கருக்குவதைக் காட்டிலும் இழப்பு வேறுண்டோ?

சாச்சியின் கவலையோ மின்சாரம் பற்றியதன்று. பெட்டியின் மேல்முகத்தில் சாச்சா தம் கையால் ஊர்ப்பெயரும் முகவரியும் எழுதியிருந்தார். நாடா ஒட்டியிருந்ததும் அதே முகத்தில். கிழித்தால் எழுத்தும் கிழியும். “சட்டி போனா போகட்டும், அந்த எழுத்து போயிடக்கூடாது” என்றார். காக்க வேண்டியது எது என்பதை அவரே தெளிவாக உணர்ந்திருந்தார் எனலாம். நால்புறமும் நிழற்படம் எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து அடிப்புறத்தை மட்டும் கத்தியால் கீறிக் கலனை வெளியே எடுத்தோம். வயரை மாற்றி, தக்க திறனுள்ள மின்மாற்றி ஒன்றையும் வாங்க வேண்டியதாயிற்று. நீர் வற்றியதும் கலனின் அடி நூறு பாகையைக் கடக்க, அடியிலுள்ள காந்தம் தன் ஈர்ப்பை இழந்து விசையை விடுவிக்கும் அமைப்பு அது. முதல்நாள் சோறு வெந்து, விசை ஒலியோடு தானே விழுந்தது. இன்று அது மகளின் வீட்டிலும், பெட்டி சாச்சியின் அறையிலும் இருக்கின்றன.

பிரிக்காமல் காப்பதே என முடிவு செய்வோரும் வாளா இருத்தல் தகாது. பரணை விடச் சுவர் ஒட்டாத உயர்ந்த பலகையே ஏற்றது. கரையானுக்கு அட்டை நல்விருந்து. பெட்டியைச் செய்தித்தாளால் சுற்றக்கூடாது; அத்தாளின் அமிலம் அட்டையைப் பழுப்பாக்கும். யார், எப்போது, எங்கு வாங்கியது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வைத்தல் வேண்டும். அகமதாபாதின் விஷாலாவில் உள்ள பாத்திர அருங்காட்சியகத்தைப் போன்று புழங்குபொருள்களுக்கெனவே அமைந்த இடங்கள் நாட்டில் உள. அங்கெல்லாம் ஒரு பாத்திரத்துக்கு நிகராக அதன் வரலாறும் தேவைப்படும்.

தமிழ்த்துறையினராகிய எமக்குப் பெட்டியினுள் இருக்கும் தாள்களின் மீதே கூடுதல் ஆசை. உத்தரவாத அட்டை, விற்பனைச் சீட்டு, ‘உபயோகிக்கும் முறை’ என்னும் சிறு ஏடு ஆகியவற்றைப் பிரித்த அன்றே குப்பையில் எறிவது நம் வழக்கம். ஒரு பொறிக்குத் தமிழில் எவ்வாறு கட்டளை எழுதுவது என்று பெயரறியா ஒருவர் முயன்றதன் தடம் அச்சிற்றேட்டில் உள்ளது. ‘ஜார்’ என்பதா, ‘ஜாடி’ என்பதா, ‘கிண்ணம்’ என்பதா என அவர் தடுமாறுவது கலைச்சொல் வரலாற்றின் ஒரு பக்கமன்றோ? கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் திரட்டியமையால்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் அவற்றைக் காண முடிகிறது. சமையற்கருவிகளின் ஏடுகளை அவ்வாறு திரட்டுவார் குறைவு. மாணவ மாணவியர் தத்தம் இல்லங்களில் உள்ளவற்றைத் துறைக்குக் கொணர்ந்தால், படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தருவோம். பெட்டியைப் பிரிப்பதா வேண்டாவா என்பதை வீட்டாரைக் கேட்டே செய்க.