கியர் ஏன் தாமதமாக மாறுகிறது?

மதுரைச் சமவெளியில் கியர் சைக்கிள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஆடி மாதத்தில் உசிலம்பட்டிச் சாலையில் மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அந்த எதிர்க்காற்றில் நெம்புகோலைத் தட்டியும் சங்கிலி உடனே மாறாமல், நாலைந்து மிதிக்குப் பிறகு 'கடக்' என்று தாவினால் கால் வழுக்கும். பின்னால் பேருந்து வரும்போது இது விளையாட்டல்ல. கடையில் காட்டினால், "பின் செட்டையே மாற்றவேண்டும்" என்றும் சொல்லிவிடலாம். காசைச் செலவிடுமுன் இயற்பியலைச் சற்றுக் கேட்போமா?

பின்சக்கர அச்சில் சிறிதும் பெரிதுமாகப் பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவியின் பெயர் டிரெய்லியர். பிரெஞ்சு மொழியில் இதற்குத் 'தடம் புரளச் செய்வது' என்று பொருள். ரயிலுக்கு விபத்தாக இருப்பது சைக்கிளுக்கு அன்றாட வேலை! டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-இல்தான் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு சொடுக்குக்கு ஒரு பல்சக்கரம் என்னும் முறையைப் பந்தய சைக்கிள்களில் 1984-இல் வெற்றிபெறச் செய்தது ஜப்பானின் ஷிமானோ நிறுவனம்.

எட்டுப் பல்சக்கரங்கள் கொண்ட ஷிமானோ வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு சொடுக்கில் கம்பி 2.8 மில்லிமீட்டர் இழுபடும். டிரெய்லியர் அதைச் சுமார் 1.7 மடங்காக்கி, சங்கிலியை 4.8 மில்லிமீட்டர் நகர்த்தும். அடுத்தடுத்த பல்சக்கரங்களின் இடைவெளியும் அதுவே. கம்பி அரை மில்லிமீட்டர் தளர்ந்திருந்தால்? சங்கிலி 0.85 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். தயக்கத்துக்கு அது போதும்.

இப்போது ஒரு சோதனை. பின்சக்கரம் தரையில் படாமல் சைக்கிளைக் கயிற்றில் தொங்கவிட்டு, கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே கியரை மாற்றுங்கள். எந்தத் திசையில் தாமதம் என்று கவனியுங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் பெரிய பல்சக்கரத்துக்கு இழுப்பது உங்கள் கை. சிறியதற்குத் திருப்புவது டிரெய்லியரிலுள்ள சுருள்வில். பெரியதற்கு ஏறத் தயங்கினால் கம்பி தளர்ந்திருக்கிறது. டிரெய்லியரில் கம்பியுறை நுழையும் இடத்திலுள்ள திருகு குமிழைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள்; மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

சிறியதற்கு இறங்கத் தயங்கினால் பெரும்பாலும் உராய்வே குற்றவாளி. மாட்டின் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூடக் காளையைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? மாட்டுத்தாவணி என்று பேருந்து நிலையத்துக்குப் பெயர் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கயிறு வளையும் கோணம் கூடக்கூட, உராய்வின் பிடி பெருக்கல் முறையில் ஏறும். கம்பியும் தன் உறைக்குள் அப்படித்தான் வளைந்து வருகிறது. வளைவுகள் மொத்தம் 270 பாகை, உராய்வுக் கெழு 0.1 என்க. சுருள்வில்லின் இழுவிசையில் ஏறத்தாழ 62 சதவீதம் மறுமுனையை எட்டும். கரிசல் புழுதி புகுந்து கெழு 0.2 ஆகிவிட்டால் 39 சதவீதமே எட்டும். கை கூடுதலாக இழுத்துச் சமாளிக்கும். சுருள்வில்லால் அது முடியாது. இறங்கும்போது மட்டும் தாமதம் தெரிவதன் காரணம் இதுதான்.

உறையின் கடைசி வளைவில், டிரெய்லியருக்குப் பக்கத்தில்தான் புழுதியும் மழைநீரும் முதலில் சேரும். கம்பியைத் துடைத்து, சில துளி மெல்லிய மசகு எண்ணெய் இட்டுப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் கம்பியையும் உறையையும் மாற்றிவிடுவதே சிக்கனம். டிரெய்லியரை மாற்றத் தேவையில்லை. வீட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைவது. மார்கழிக் காலையில் கியரும் உறைந்து நிற்கும்!

டிரெய்லியரில் 'எச்', 'எல்' என்று குறியிட்ட இரு திருகுகளும் உண்டு. கை துறுதுறுக்கும், தொடாதீர்கள். அவை சங்கிலியின் எல்லைகளைக் குறிப்பவை. தாமதத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. 'எல்' திருகைத் தளர்த்தினால் டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கி, ஓடும் சக்கரம் சட்டென்று நின்றுவிடக்கூடும்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லையா? சைக்கிளின் பின்னால் நின்று பாருங்கள். டிரெய்லியர் பல்சக்கரங்களுக்கு நேர்கீழே செங்குத்தாகத் தொங்கவேண்டும். பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில் வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், அதைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு உட்புறமாக வளைந்திருக்கும். அதை நிமிர்த்தத் தனிக் கருவி வேண்டும்; இந்த ஒரு வேலைக்குக் கடைக்காரரிடம் போகலாம்.