உண்டபின் ஏறெடுக்கும் நன்றி

உண்ணுமுன் ஜெபிப்பது நம் சபைகளில் வேரூன்றிய வழக்கம். உண்டபின் ஸ்தோத்திரிப்பதோ அருகிவிட்டது. இதில் இஸ்லாமியரின் ஒழுக்கம் நம் சிந்தனைக்குரியது.

முஸ்லிம்கள் 'பிஸ்மில்லாஹ்' என இறைவன் பெயரால் உண்ணத் தொடங்கி, 'அல்ஹம்துலில்லாஹ்', அதாவது 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என முடிக்கின்றனர். அபூதாவூத், திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் உள்ள ஒரு துஆ, இவ்வுணவு என் ஆற்றலோ வலிமையோ இன்றி எனக்கு அருளப்பட்டது என அறிக்கையிடுகிறது. இதை ஓதுபவரின் முந்திய பாவங்கள் மன்னிக்கப்படும் என்பதில் நம் உபதேசம் வேறுபடும். ஆயினும் அவ்வறிக்கை நமக்கு அந்நியமானதன்று.

உபாகமம் 8:10, உண்டு திருப்தியடைந்தபின் கர்த்தரைத் துதிக்கப் பணிக்கிறது. 8:17, என் கைவலிமையே இச்செல்வத்தை ஈட்டியது என எண்ணுவதைக் கடிந்துகொள்கிறது. யூதர் உணவுக்குப்பின் சொல்லும் 'பிர்கத் ஹமாசோன்' இக்கட்டளையையே ஆதாரமாகக் கொண்டது. ஆதித் திருச்சபையின் 'திதாகே' நூலின் 10ஆம் அதிகாரமும் உண்டு நிறைந்தபின் செய்யும் ஸ்தோத்திரத்தைத் தருகிறது.

பசி ஜெபிக்கத் தூண்டும். நிறைவோ மறக்கச் செய்யும். ஆகவே இரண்டாம் ஜெபமே நம் நன்றியைச் சோதிக்கிறது.

திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், அன்னதானப் பந்திகள் நாம் அன்றாடம் காண்பவை. அத்தகைய ஊரில் ஊழியஞ்செய்யும் போதகர், முஸ்லிம் அயலாரோடு உண்ணும் வாய்ப்பும் பெறுவார். அவர் உண்டெழுந்து கூறும் புகழுரையை வெறுஞ்சடங்கென ஒதுக்கலாகாது. நம் வேதமே கற்பித்து, நாம் கைவிட்ட கடமையை அது நினைவூட்டுகிறது. அதைக் கிறிஸ்துவின் நாமத்தில் நம் குடும்பங்களில் மீண்டும் நிலைநாட்டுவோமாக.