பளுவைப் படிப்படியாக உயர்த்துதல்: வயது வந்தோருக்கு ஏற்ற வலிமைப் பயிற்சி

பள்ளி ஆண்டு விழாக்களில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இடையே கைப்பந்தாட்டம் நடைபெறுவதுண்டு. இளமையில் நன்கு ஆடி, பின்னர் பதினைந்து ஆண்டுகளாகப் பந்தைத் தொடாதிருந்த ஆசிரியர் ஒருவர், மாணவர்களின் ஆரவாரத்தால் உற்சாகமுற்று வலையருகே எம்பிக் குதிக்கிறார். மறுநாள் நொண்டிக்கொண்டே வகுப்பிற்கு வருகிறார். சிலருக்குக் குதிகாலின் தசைநாண் அறுந்து, பல மாதங்கள் சரிவர நடக்க இயலாமற் போவதுமுண்டு. வயதாகிவிட்டதே இதற்குக் காரணம் என்று கூறி நாம் அமைதியடைகிறோம். ஆனால், உடலை ஆயத்தம் செய்யாமலே அதனிடம் பெருமுயற்சியை எதிர்பார்த்தது நம் தவறன்றோ?

நடுத்தர வயதிலிருந்து தசையின் அளவும் வலிமையும் மெல்லக் குறைந்து வருவது உண்மையே. எனினும், பயிற்சிக்கு இணங்கி வலுப்பெறும் இயல்பு தசையை விட்டு நீங்குவதில்லை. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஏறத்தாழ 90 வயதுடைய பத்து முதியோருக்கு எட்டு வாரங்கள் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் தசை வலிமை சராசரியாக 174 சதவிகிதம் உயர்ந்தது. தொண்ணூறு வயதில் இது இயலுமெனில், நாற்பது வயதினர் நம்பிக்கையிழக்கக் காரணமில்லை.

இத்தகைய பயிற்சிக்கு ஓர் அளவுமுறையை வகுத்தவர்களுள் முக்கியமானவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவிலிருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் இவர் பணியாற்றினார். முழங்காலிலும் தொடையெலும்பிலும் காயமுற்ற போர்வீரர்கள் அங்கு இருந்தனர். இலேசான பளுவைப் பன்முறை அசைத்தால் போதும் என்பதே அக்கால வழக்கம். டிலார்ம் அவ்வழக்கத்தை மாற்றி, இரும்புக் காலணியில் பளுவைப் பூட்டி, குறைந்த தடவைகளே தூக்கச் செய்தார். நோயாளி வலுப்பெறப் பெறப் பளுவையும் உயர்த்தினார். இதன் பயனை 1945-இல் வெளியிட்டார். பளு மிகுந்து தடவைகள் குறைந்தால் வலிமை வளரும். பளு குறைந்து தடவைகள் மிகுந்தால் சோர்வைத் தாங்கும் ஆற்றல் வளரும் என்பது அவரது முடிவு.

தொடக்கத்தில் டிலார்ம் ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவைகள் வரை தூக்கச் செய்தார். பின்னர் அது மிகையென்று கண்டு, 1948-இல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து முப்பது தடவைகளாகக் குறைத்தார். அம்முறையாவது: ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் பளு எதுவெனச் சோதித்து அறிய வேண்டும். அதில் பாதிப் பளுவைப் பத்து முறை, முக்காற்பங்கைப் பத்து முறை, முழுப் பளுவைப் பத்து முறை எனச் சற்று ஓய்வு விட்டு மூன்று சுற்றுகளாகத் தூக்க வேண்டும். முதலிரு சுற்றுகள் தசையை ஆயத்தம் செய்கின்றன. மூன்றாவது சுற்றே உண்மையான சோதனை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே, கைப்பிடியுள்ள தண்ணீர் கேனே அளவிட்ட பளுவாகும். ஒரு கையைப் பெஞ்சின்மேல் ஊன்றிக் குனிந்து, மறு கையால் கேனை இடுப்பு வரை இழுப்பதாகக் கொள்வோம். பத்து லிட்டரைப் பத்து முறை இழுக்க இயன்றவர், முதற் சுற்றில் ஐந்து லிட்டரும், இரண்டாவதில் ஏழரை லிட்டரும், மூன்றாவதில் பத்து லிட்டரும் ஊற்றிக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரு நாட்பயிற்சிகளில் பத்துக்கு மேல் ஓரிரு முறை கூடுதலாக இழுக்க முடிந்தால் அரை லிட்டர் சேர்க்கலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய நிலையில் 2 முதல் 10 சதவிகிதம் வரை பளுவை உயர்த்தலாம் என்கிறது.

நம் நாட்டு மல்லர்கள் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் செய்வர். அது தாங்கும் ஆற்றலுக்கு உகந்தது. வலிமையை நாடுவோர் எண்ணிக்கையைப் பெருக்குவதினும் கடினத்தைப் பெருக்குவது நலம். தண்டாலை முதலில் சுவரில் கையூன்றியும், பின்னர் மேசை விளிம்பிலும், பின்னர் தரையிலும் பழகலாம். பஸ்கிக்கு முன்னோடியாக, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்ந்து பழகி, பின்னர் மணற்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம்.

தொடக்க வாரங்களில் வலிமை விரைந்து உயரும். தசை பருத்ததால் அன்று, நரம்புகள் தசையை இயக்கப் பழகியதாலேயே பெரும்பாலும் இவ்வுயர்வு ஏற்படுகிறது. தசைநாண்களோ தசையைவிட மெதுவாகவே உறுதிப்படுகின்றன. ஆகவே, 'இன்னும் முடியும்' என்று தோன்றும் அந்நாட்களிலேயே பொறுமை மிகவும் வேண்டும். விழாவிற்கு முந்தைய வாரத்தில் தொடங்கும் பயிற்சியால் பயனில்லை. சில மாதங்களுக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையே ஒரு நாளேனும் ஓய்வு விட்டுப் பயிற்சி செய்தால் தொடக்கநிலையினருக்குப் போதும். உடலின் பெருந்தசைகள் அனைத்திற்கும் வாரத்தில் இரு நாட்களாவது வலிமைப் பயிற்சி வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்துள்ளது. நாள்தோறும் பல மைல் நடக்கும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும். நடை இதயத்திற்கு நன்று, ஆனால் தோளையும் முதுகையும் அது போதிய அளவு வலுப்படுத்துவதில்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். தூக்குகையில் மூச்சை வெளிவிட்டு, இறக்குகையில் உள்ளிழுக்க வேண்டும். முதுகு வளையலாகாது. மறுநாள் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. மூட்டில் தோன்றும் கூரிய வலி இயல்பானதன்று. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ உண்டாயின் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதயநோயும் இரத்த அழுத்தமும் உடையோர் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்குதல் நன்று.

ஆகாரத்தில் புரதம் குறைந்தால் பயிற்சியின் பயனும் குறையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைக் கொண்டு இதை நிறைவு செய்யலாம்.

தேதி, பளு, தடவை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருமாறு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பிறருக்கு எடுத்துரைக்கலாம். தாமும் குறித்து வரலாம். சென்ற மாதம் ஐந்து லிட்டர், இம்மாதம் ஆறு லிட்டர் என்று அதில் காணும் சிறு உயர்வே முறையான பயிற்சிக்குச் சான்று. அடுத்த ஆண்டு விழாவில் வலையருகே எம்பிக் குதிப்பவர் மறுநாள் நிமிர்ந்து நடந்து வகுப்பிற்கு வருவாராயின், அந்நோட்டுப் புத்தகம் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.