சிறிய வீட்டிற்கு ஒரு சிறிய கணினி

பிழைப்பு நாடி மும்பைக்கோ டெல்லிக்கோ வந்து, ஓர் அறையில் குடும்பம் நடத்திவரும் அன்பு வாசகரே! பிள்ளைகளின் படிப்பிற்குக் கணினி வேண்டும். அதை வைக்க இடமும் குறைவு, கையிலுள்ள பணமும் குறைவு. உள்ளங்கையளவான ‘மினி பிசி’ உங்களுக்கு ஏற்றதா?

பாடம் படித்தல், தட்டச்சு, வங்கிப் பணி, ஊரிலுள்ள பெற்றோரோடு முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றிற்கு அது போதுமானது. 2023-இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற செயலியின் மின்தேவை ஏறத்தாழ 6 வாட் மட்டுமே. மின்கட்டணம் உங்களை வருத்தாது. பெரிய விளையாட்டுகளுக்கு அது உதவாது.

வாங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள். நினைவகம் 8 ஜிபியேனும் இருக்கட்டும், சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. ஆகவே இருக்கட்டும். திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவை பெரும்பாலும் விலையில் அடங்குவதில்லை. மடிக்கணினியிலுள்ள பேட்டரி இதில் இல்லாததால், மின்தடைக்குச் சிறு யு.பி.எஸ். அவசியம்.

நேரு பிளேஸிலும் லாமிங்டன் சாலையிலும் பழைய அலுவலகக் கணினிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய செயலிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே தலைமுறை எதுவெனக் கேளுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணமல்லவா? கடையிலேயே இயக்கிப் பார்த்து, இரசீதும் உத்தரவாதமும் பெற்ற பின்னரே கொடுங்கள்.