ஒரே கூறைப்புடவை, மூன்று நிறங்கள்

உறவினர் வீட்டுத் திருமண ஹைலைட்ஸ் காணொளி ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். முதல் காட்சியில் மணப்பெண்ணின் கூறைப்புடவை அரக்குச் சிவப்பாக இருக்கும். மாமா கைத்தொலைபேசியில் எடுத்த அடுத்த காட்சியில் அது ஆரஞ்சுக்கு மாறிவிடும். பக்கவாட்டுக் கேமராவிலோ ரோஜா நிறம்! எந்தக் கேமராவும் பழுதில்லை. பிறகு ஏன் இந்தக் குழப்பம்?

கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒளி எவ்வளவு விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். அதனால் ஒவ்வொரு நுண்புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கேமரா கணக்கிடும். வடிகட்டியின் சாயமும் கணக்கிடும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்டபத்தின் வெளிச்சம். குத்துவிளக்குச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். சன்னல் வழியே வரும் நண்பகல் வெயிலுக்கு ஏறத்தாழ 5,500. முதலாவதில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. இரண்டாவதில் நீலமும் போதிய அளவு உண்டு. நம் மூளை இந்த வேறுபாட்டைத் தானாகவே கழித்துவிடும். கேமராவோ ஊகிக்க வேண்டும். அதுதான் 'ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்'. காட்சியிலுள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் நிறம் வரும் என்பது எளிய ஊகங்களில் ஒன்று. சிவப்புப் பட்டும் தங்க ஜரிகையும் சாமந்தியும் நிறைந்த மணமேடையில் இந்த ஊகம் எப்படிப் பலிக்கும்? வெளிச்சமே மஞ்சள் என்று நினைத்துக் கேமரா நீலத்தைக் கூட்டிவிடும்.

மூளையும் ஏமாறும் என்பது வேறு கதை. 2015இல் ஸ்காட்லாந்துத் திருமணம் ஒன்றுக்காக வாங்கப்பட்ட உடையின் படம் இணையத்தில் பரவியது. சிலருக்கு அது வெள்ளை, தங்கம். சிலருக்கு நீலம், கறுப்பு. உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான்.

தீர்வு, எல்லாக் கேமராக்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலைக் கொடுப்பது. சடங்கு தொடங்குமுன் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து, ஒரே கெல்வின் எண்ணில் நிறுத்த வேண்டும். பிறகு மேடை வெளிச்சத்தில் சாம்பல் அட்டை ஒன்றை ஒவ்வொரு கேமராவும் ஐந்து விநாடி பதிவு செய்தால் போதும். தொகுப்பவர் அந்த அட்டை எல்லாவற்றிலும் ஒரே சாம்பலாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்வார். அட்டைக்குப் பதிலாக மாப்பிள்ளையின் வேட்டியை 'வெள்ளை' என்று கணினிக்குக் காட்டாதீர்கள். பட்டு வேட்டி பெரும்பாலும் சந்தன நிறம். படம் முழுவதும் நீலம் பூத்துவிடும்!

அளவுகோல் எது என்பது சிறிய கேள்வி அன்று. படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படம் உள்ள 'ஷெர்லி அட்டை'களை ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அந்த முகத்துக்கு ஏற்ப எல்லாம் அமைந்ததால், கருநிற முகங்கள் பலமுறை விவரம் இழந்து இருண்டு போயின. இன்றோ தொகுப்பு மென்பொருளில் 'வெக்டர்ஸ்கோப்' என்ற வட்ட வரைபடம் இருக்கிறது. மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ, அதன் சாயல் அந்த வட்டத்தில் ஒரே கோட்டின் அருகில்தான் விழும். மாறுவது பெரும்பாலும் பிரகாசமும் செறிவும்தான். எனவே கேமராக்களைப் பொருத்துவதற்காக மணப்பெண்ணின் முகத்தை வெளுக்க வேண்டிய தேவையே இல்லை. இன்னமும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது நிறத்திருத்தம் அன்று, நிறமாற்றம்.

எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. சாதாரணக் காணொளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். வெளிச்சம் கூடி, சிவப்பு 255ஐத் தொட்டுவிட்டால் புடவையின் மடிப்பும் நெய்த பூவும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். பதிவாகாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

விளக்குகள் மினுங்குவதற்கும் காரணம் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை விழாது. 1/60 என்றால் விழலாம்.

கடைசியாக ஒலி. மூன்று பதிவுகளையும் ஒரே நேரத்தில் பொருத்த, கெட்டிமேளத்தின் முதல் தவில் அடியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். தவிலிலிருந்து 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்த மாமாவின் கைத்தொலைபேசிக்கு அந்த அடி 0.04 விநாடி தாமதமாகவே கேட்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் அது சரியாக ஒரு ஃபிரேம். ஒலியை மட்டும் நம்பிப் பொருத்தினால், அவருடைய காட்சியில் தாலி ஒரு ஃபிரேம் முன்னதாகவே கழுத்தில் ஏறியிருக்கும்.